பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று பூனையை விட்டுவிடாதீர்கள்

பல நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகு என்னிடம் கொண்டுவந்த பூனைகளில், இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது. 14 வயது ஆண் பூனை, பெயர் முத்து. போன வருடம் தடுப்பூசிக்கு வந்தபோது 5.8 கிலோ இருந்தவன், போன வாரம் தராசில் 4.4. எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டேன். "ரெண்டு மூணு நாளா கொஞ்சம் மந்தமா இருக்கான் டாக்டர்" என்றார் வளர்த்த அம்மா. கூட வந்திருந்த மகன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இல்லம்மா, நான் ஊர்லேர்ந்து வந்த அன்னிக்கே சாப்பிடலயே. இன்னியோட ஒன்பது நாள்" என்றார்.

காது மடலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் மஞ்சள் தேய்த்தது போல இருந்தது. (டியூப்லைட் வெளிச்சத்தில் இது சரியாகத் தெரியாது. வீட்டில் பார்ப்பதென்றால் பகலில் வாசலில் வைத்துப் பாருங்கள்.) வாயைத் திறந்தால் அண்ணமும் அதே நிறம். மஞ்சள் காமாலை, ஈரல் கெட்டதன் அடையாளம். இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று வேர்வரை அழுகிச் சீழ் வைத்திருந்தது. அவன் சாப்பாட்டை நிறுத்தியது அந்தப் பல்லால். உயிர் போனது ஒன்பது நாள் பட்டினியால். சேர்த்த மூன்றாம் நாள் இரவு போய்விட்டான்.

ஏன் முன்னாடியே வரவில்லை என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "பசிச்சா தானா சாப்பிடும்னு நினைச்சோம்."

இந்த வாக்கியத்தோடு எனக்குப் பல வருடச் சண்டை. நாய்க்கு இது ஓரளவு பொருந்தும். வயிறு கெட்ட நாயை ஒரு வேளை பட்டினி போடச் சொல்லி நானே அனுப்புவதுண்டு. பூனை வேறு ஜாதி. சாப்பாடு நின்றதும் அதன் உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். பூனையின் ஈரலால் அவ்வளவு கொழுப்பைச் சமாளிக்க முடியாது, உள்ளேயே தேங்கிவிடும். தேங்கினால் குமட்டல். குமட்டினால் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் இன்னும் கொழுப்பு ஈரலுக்குப் போகும். அதாவது பட்டினி நீள நீளப் பசி அதிகமாகாது, குறையும். நீங்கள் எந்தப் பசிக்காகக் காத்திருக்கிறீர்களோ அது வரவே வராது. கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். "நல்லா சதை போட்டிருக்கான், நாலு நாள் தாங்குவான்" என்கிறவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

அடுத்தது, "பிகு பண்ணுது டாக்டர். மீனைப் பாத்து ஓடி வருது, மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிடுது." தட்டுவரை வருகிற பூனைக்குச் சாப்பிட ஆசை இருக்கிறது, முடியவில்லை. முகர்ந்தவுடன் உதட்டை நக்குகிறதா, ஒன்றுமில்லாமலே விழுங்குகிறதா, எச்சில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். அது குமட்டல். மசக்கைக்காரி தாளிப்பு வாசனைக்கு முகத்தைத் திருப்புவாளே, அதேதான். வாயில் எடுத்து நழுவவிட்டால், தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மென்றால், பல்லையோ ஈறையோ சந்தேகப்படுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு முதலில் சிறுநீரகம்தான் நினைவுக்கு வரும். பூனை பிகு பண்ணாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு வருடம் ஆசையாகத் தின்ற உணவை ஒரே நாளில் ஒதுக்கும். ஆனால் பிகு பண்ணுகிற பூனை வேறு ஏதாவது வைத்தால் தின்றுவிடும். எதையுமே தொடாத பூனை நோயாளி.

"வயசாயிடுச்சு, அதான்" என்பது இன்னொன்று. வயதுக்கு மருந்து கிடையாது, சரி. ஆனால் கிழப் பூனைக்கு வருகிற சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, சர்க்கரை, பல் நோய், குடல் கட்டி எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு சிகிச்சை இருக்கிறது. முழுக்கக் குணமாகாது என்பது உண்மையாக இருக்கலாம். அதற்காகக் குமட்டலையும் வலியையும் நீர் வற்றுவதையும் அப்படியே விடுவார்களா? அவற்றைச் சரிசெய்தாலே பல பூனைகள் தட்டுக்குத் திரும்பும். "போன வருஷ டெஸ்ட் நார்மல்" என்றும் சொல்லாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை போயிருக்கும்.

கணக்கு இதுதான். வயதான பூனை 24 மணி நேரம் எதுவும் தின்னவில்லையென்றால் மருத்துவருக்கு போன் போடுங்கள். இரண்டாம் நாள் பூனை கிளினிக் மேசைமேல் இருக்க வேண்டும். தினமும் கால்வாசி தின்றுகொண்டு ஒரு வாரம் ஓட்டுவதும் பட்டினிதான்.

இந்த இடைவெளியில் தயவுசெய்து நீங்களாக வைத்தியம் பார்க்காதீர்கள். "பால் குடிக்குது டாக்டர்" என்று ஆறுதலாகச் சொல்வார்கள். 4 கிலோ பூனைக்குச் சும்மா படுத்திருக்கவே நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். 30 மில்லி பாலில் கிடைப்பது 20. அதோடு பல பூனைகளுக்குப் பால் பேதியாகும். சிரிஞ்சில் கஞ்சியை ஏற்றி, மல்லாக்கப் பிடித்து வாயில் அடிப்பவர்களும் உண்டு. புரையேறி நுரையீரலுக்குப் போனால் அப்புறம் நிமோனியாவுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் போகாவிட்டாலும், சாப்பாடு என்றாலே பூனை ஒளிந்துகொள்ளும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு வேண்டாம், அது ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு பூனையைக் கொல்ல அரை மாத்திரை போதும்.

கிளினிக்குக்குக் கிளம்பும்வரை இவ்வளவு செய்யலாம். உப்பில்லாமல் வேகவைத்த மீனையோ கோழியையோ வெதுவெதுப்பாக, கையில் சூடு தெரியும் அளவில், ஒரு ஸ்பூன் வையுங்கள். பூனை முதலில் மூக்கால்தான் சாப்பிடும். ஆறிப்போனதில் வாசனை இல்லை. தொடவில்லையென்றால் கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், நாள் முழுக்க மூக்குக்கு முன்னால் கிடக்க வேண்டாம். மணல் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மாத்திரையைப் பிடித்த உணவில் ஒளிக்காதீர்கள். நாலு பேர் சுற்றி நின்று கெஞ்சாதீர்கள்.

உணவு செலுத்தக் குழாய் போடலாம் என்று நான் வாயெடுத்தாலே பாதிப் பேருக்கு முகம் வெளிறுகிறது. "இந்த வயசுல அதை ஏன் டாக்டர் இம்சை பண்ணணும்?" கழுத்துப் பக்கமாகச் சிறிய துளையிட்டு உணவுக்குழலுக்குள் இறக்கும் ரப்பர் குழாய் அது. கூழாக அரைத்த உணவும் மருந்தும் அதிலேயே போய்விடும், வாயைப் பிளந்து சண்டை போட வேண்டியதில்லை. குழாயோடு வீட்டுக்குப் போகலாம், குழாய் இருக்கும்போதே வாயாலும் சாப்பிடலாம். ஒன்று மட்டும்: நீண்ட பட்டினிக்குப் பிறகு முதல் நாளே முழு அளவு ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கும், அது ஆபத்து. தேவையில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்குவோம். "இவ்வளவுதானா குடுக்கிறீங்க?" என்று கேட்காதீர்கள்.

சிறுநீரகம் கெட்ட 15 வயதுப் பெண் பூனை ஒன்றை, சாப்பாடு நின்ற மறுநாளே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்தார். குழாய் போட்டோம். தோலுக்கடியில் சலைன் ஏற்றவும் கற்றுக்கொண்டார். முதல் தடவை முதுகில் திமில் மாதிரி புடைத்ததும் கை நடுங்கிவிட்டது அவருக்கு. சில மணி நேரத்தில் வடிந்துவிடும் ஐயா என்று சொல்லி அனுப்பினேன். பிறகு அவரே மாட்டில் பால் கறப்பது மாதிரி சர்வ சாதாரணமாகச் செய்தார். ஏழு மாதம் இருந்தாள் அந்தப் பூனை.

எல்லாப் பூனையையும் திருப்பிக் கொண்டுவர முடியாது. புற்றுநோய் முற்றி, எந்த மருந்துக்கும் அசையாத நிலை வரும். அப்போது குழாய் போடச் சொல்லி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். ஆனால் "கடைசிக் காலம், தண்ணி வென்னி இறங்காது, நிம்மதியாப் போகட்டும்" என்று மூலையில் படுக்கவைத்துக் காத்திருக்காதீர்கள். பட்டினியில் சாவது நிம்மதியான சாவு இல்லை. வாரக்கணக்கில் குமட்டிக் கிடந்து சாகும். ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பி வைக்கலாமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அதைக் கேட்ட எவரையும் நான் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்ததில்லை.

கிளம்பும்போது கட்டைப்பையில் அமுக்கிக்கொண்டு வராதீர்கள். கூடையில் அது வழக்கமாகப் படுக்கும் துணியை விரித்து, மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள். கடைசியாக எப்போது, எதை, எவ்வளவு சாப்பிட்டது, வாந்தி எத்தனை தடவை, சிறுநீர் போனதா என்று தினசரி காலண்டர் தாளின் பின்னால் எழுதி எடுத்து வாருங்கள். அந்தப் பூனையை வைத்திருந்த ஆசிரியர் அப்படித்தான் வருவார்.