ஜெண்டர்: பாலா, பாலினமா, பால்நிலையா?

மாதவிடாய் வருவது செக்ஸ், அதாவது உடல் சார்ந்தது. அந்த மூன்று நாளும் 'அடுப்படிக்குள் வராதே' என்பது ஜெண்டர். பையனுக்குக் குரல் உடைவது முன்னதில் சேரும். 'ஆம்பளப் புள்ள அழலாமா' என்பது பின்னதில். இந்தப் பின்னதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதில்தான் குழப்பம்.

ஆங்கிலத்திலும் இந்தப் பிரிப்பு அப்படியொன்றும் பழசில்லை. வகை, இனம் என்று பொருள்படும் 'கெனுஸ்' என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஜெண்டர் ஆனது. நெடுங்காலம் அது பெரும்பாலும் இலக்கணக்காரர்களின் சொல். உடலில் ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாமல் பிறந்தவர்களை ஆராய்ந்த ஜான் மணி என்ற உளவியலாளர், 1955-இல் 'ஜெண்டர் ரோல்' என்று எழுதினார். 1972-இல் சமூகவியலாளர் ஆன் ஓக்லி, உடற்கூறு வேறு, அதைக் காட்டிச் சமூகம் ஒப்படைக்கும் வேலைகளும் குணங்களும் வேறு என்று பிரித்துக்காட்ட, பெண்ணியத்தின் அன்றாடச் சொல்லாயிற்று. 'பெண்ணாகப் பிறப்பதில்லை, பெண்ணாக ஆகிறோம்' என்று பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வார் 1949-லேயே சொல்லிவிட்டார். கருத்து முந்தி, பெயர் பிந்தி.

நம்மிடம் உள்ள 'பால்' என்பதும் இலக்கணச் சொல்தான். பகுப்பு என்பது அதன் அடிப்பொருள். அதனால்தான் அறத்துப்பால், பொருட்பால். பக்கம் என்றும் பொருள் உண்டு. ஊழ் என்றும் உண்டு, இது கொஞ்சம் கேலியாகப்படுகிறது: பெண்பால் என்றாலே விதிதானோ!

தொல்காப்பியத்தில் இந்தச் சொல் நிலையாக நிற்பதில்லை. கிளவியாக்கம் என்ற இயலின் ஐம்பால் கணக்கில் களிறு, அதாவது ஆண் யானை, 'வந்தது'; 'வந்தான்' அல்ல. உடல் ஆண் என்றாலும் அது ஒன்றன்பால். மரபியல் என்ற இயலுக்குப் போனால் அதே களிறும், காளையைக் குறிக்கும் ஏறும், சேவலும் ஆண்பாற் பெயர்கள். அங்கே உடல் கணக்கு. களவியலிலோ 'அச்சமும் நாணும் மடனும் முந்துறுதல் நிச்சமும் பெண்பாற்கு உரிய என்ப' என்று வருகிறது: அச்சம், நாணம், மடம் மூன்றும் எப்போதும் பெண்ணுக்கு உரியவை என்பார்கள். அதற்கு முந்தைய நூற்பாவில் பெருமையையும் உரனையும், அதாவது திண்மையையும், ஆணுக்குக் கொடுத்தாயிற்று. இங்கே 'பால்' உடலைச் சொல்லவில்லை, எதிர்பார்ப்பைச் சொல்கிறது. 'என்ப' என்பது முன்னோர் கூற்றைச் சுட்டும் வழக்கமான முடிப்புத்தான். ஆனாலும், அப்படிச் சொன்னவர்கள் யார், ஏன் சொன்னார்கள் என்று கேட்கும் இடத்தில்தான் பெண்ணியம் தொடங்குகிறது. பெண் விடுதலைக்கு 'ஆண்மை' அழிய வேண்டும் என்று பெரியார் எழுதியபோது அவர் கைவைத்ததும் ஆணின் உடலில் அல்ல. வீரம், ஆளுமை எல்லாவற்றையும் ஆணுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த அந்தச் சொல்லில்.

இப்போது புழங்கும் சொற்களுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஜெண்டருக்குப் 'பாலினம்' ஊன்றிவிட்டது. லத்தீன் மூலத்துக்கும் அது நெருக்கம். ஆனால் 'இனம்' என்றதும் பிறப்பிலேயே வந்து ஒட்டியது போன்ற சாயல் விழுகிறது. மறுக்க வேண்டிய கருத்தைச் சொல்லே சுமக்கிறது. போதாக்குறைக்கு செக்ஸுக்கும் அதையே போடுகிறோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,000 ஆண்களுக்கு 996 பெண்கள் என்ற எண்ணைப் 'பாலின விகிதம்' என்று எழுதுகிறோம். தலைகளை எண்ணியதற்குப் 'பால் விகிதம்' போதுமே.

இலங்கைத் தமிழர் 'பால்நிலை' என்கிறார்கள். பால்நிலைச் சமத்துவம், பால்நிலை வன்முறை என்று அங்கே சரளமாகப் புழங்குகிறது. நிலை என்பது ஓரிடத்தில் நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர்கள் உண்டு, நகரவும் முடியும். என் ஓட்டு இதற்கே. 'மூன்றாம் பாலினம்' போல வேரூன்றியவற்றைப் பிடுங்கச் சொல்லவில்லை.

'பாலியல்' தனிக்கதை. அது பாலுறவையும் பாலுணர்வையும் சார்ந்தது. வரதட்சணைக்காக மருமகளை அடிப்பது பால்நிலை வன்முறை. அதைப் பாலியல் வன்முறை என்று எழுதினால் செய்தியே மாறிவிடும். சம ஊதியக் கோரிக்கையைப் 'பாலியல் சமத்துவம்' என்று தலைப்பிடுபவர்களை என்ன செய்வது?

உடலும் அப்படியொன்றும் தெளிவான இரண்டு கட்டமல்ல என்று 1990-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் பட்லர் மேலும் ஒரு முடிச்சுப் போட்டார். பிறந்த குழந்தையைப் பார்த்த நொடியில் 'பொண்ணு' என்கிறோமே, அந்த அறிவிப்பிலேயே பால்நிலை புகுந்துவிடுகிறது என்பது அந்த வாதத்தின் சாரம். அப்படிப் பார்த்தால் விண்ணப்பப் படிவத்தில் 'பாலினம்' என்ற கட்டத்துக்கு நேரே நாம் போடும் டிக், எதைப் பற்றிய பதில்?