யு சர்டிபிகேட் பார்த்துட்டு படம் போட்ட டீச்சர் சொல்றேன்

எட்டு வருஷத்துக்கு முன்னாடி, அரையாண்டுப் பரீட்சை முடிஞ்ச கடைசி நாள் மத்தியானம், பசங்க சந்தோஷமா லீவுக்குப் போகட்டுமேன்னு ஸ்மார்ட் கிளாஸ்ல ஒரு தமிழ்ப் படம் போட்டேன். யு சர்டிபிகேட், குடும்பத்தோட பார்க்கிற படம்னு எல்லாரும் சொன்ன படம், நானே தியேட்டர்ல பார்த்து சிரிச்ச படம். அதுல காமெடியன் கொஞ்சம் குண்டா இருக்கிற ஒரு பொண்ண பார்க்கும்போதெல்லாம் 'ரோடு ரோலர்'னு கூப்பிடுவாரு, ரூம் முழுக்க சிரிப்பு, நானும் பின்னாடி நின்னு சிரிச்சேன்.

ஜனவரில ஸ்கூல் திறந்து ஒரு வாரம் இருக்கும், எங்க சத்துணவு சமையலக்கா என்கிட்ட வந்து, "ஏழாவது படிக்குதே அந்தப் புள்ள, முட்டை போடுற அன்னைக்கு முத ஆளா வரிசையில நிக்குமே, இப்ப தட்டையே எடுத்துட்டு வர மாட்டேங்குது டீச்சர், என்னன்னு கேளுங்க"ன்னாங்க. கேட்டா வயித்து வலின்னா. ரெண்டு நாள் கழிச்சுதான் பக்கத்துல உக்கார்ற பொண்ணு சொல்லுச்சு, வகுப்பே அவள அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுதாம், சாப்பாட்டு வரிசையில நின்னா பின்னாடி இருந்து வண்டி சத்தம் போடுறாங்களாம். அந்தப் பேர அவங்களுக்கு ஸ்கூல்ல வெச்சு, லைட்ட அணைச்சு, ஸ்பீக்கர்ல சொல்லிக் கொடுத்தது நான். அந்தப் பேர் அந்த வகுப்ப விட்டுப் போக அடுத்த வருஷம் ஜூன் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் அது எனக்கு ஆறல.

ஸ்கூல்ல போட ஒரு படம் தேடும்போது சண்டை இருக்கா, ரத்தம் இருக்கா, பாட்டுல டான்ஸ் எப்படின்னுதான் நாம பொதுவா பார்க்கிறோம். அதெல்லாம் பார்க்கணும்தான், ஆனா 11, 12, 13 வயசுப் பிள்ளைங்கள அதிகமா தைக்கிறது காமெடிதான்னு நான் அனுபவத்துல சொல்லுவேன். இந்த வயசுலதான் உடம்பு மாற ஆரம்பிக்குது, கலர், முகப்பரு, உயரம், குரல் உடையுறது எல்லாமே அவங்களுக்குப் பெரிய விஷயம், யாராவது தன்னைப் பார்த்து சிரிக்கிறாங்களான்னு பார்த்துக்கிட்டே இருக்குற வயசு. நம்ம படங்கள்ல காமெடி டிராக்னு வர்றதுல பாதி, கருப்பா இருக்கிறவங்களையும் குண்டா இருக்கிறவங்களையும் திக்கிப் பேசுறவங்களையும் வெச்சுத்தான் ஓடுது. அடுத்தது, ஒரு பொண்ணு பின்னாடியே சுத்தி சுத்தி, வேணாம்னு சொன்னாலும் விடாம தொந்தரவு பண்ணி கடைசில லவ் ஓகே ஆகுறது, அதுக்கு ஒரு நல்ல பாட்டு வேற. இதையெல்லாம் ஸ்கூல்ல போட்டா அது வெறும் படமா இருக்காது, டீச்சரே போட்டாங்க, அப்ப சரின்னு ஒரு முத்திரை விழுந்துடுது. வீட்டு டிவில பார்க்கிறதுக்கும் ஸ்கூல்ல பார்க்கிறதுக்கும் அதான் வித்தியாசம்.

சர்டிபிகேட் விஷயம் தெரியாதவங்களுக்காக சொல்றேன். முன்னாடி யு (எல்லாரும் பார்க்கலாம்), யுஏ (சின்னப் பிள்ளைங்க பெத்தவங்க துணையோட பார்க்கலாம்), ஏ (பெரியவங்களுக்கு மட்டும்)ன்னு இருந்துச்சு. 2023ல ஒளிப்பதிவுச் சட்டத்த திருத்தினதுக்கு அப்புறம் யுஏவ 7+, 13+, 16+னு மூணா பிரிச்சிருக்காங்க. நல்ல மாற்றம்தான், ஆனா நடுநிலைப் பள்ளிக்கு அதுலயும் சிக்கல் இருக்கு. ஆறாவது பிள்ளைக்கு 11 வயசு, எட்டாவதுல பாதிப் பேர் 13 தாண்டியிருப்பாங்க பாதிப் பேர் தாண்டியிருக்க மாட்டாங்க, மூணு வகுப்பையும் ஒரே ஹால்ல உக்கார வெச்சு யுஏ 13+ படம் போட்டா யாருக்குப் போடுறோம்? அதனால நான் எப்பவும் ஹால்ல இருக்கிறதுலயே சின்னப் பிள்ளை வயச வெச்சுத்தான் முடிவெடுப்பேன். முடிஞ்சா ஆறாவது தனி, எட்டாவது தனியா போடுறது இன்னும் நல்லது.

இப்போ நான் ஒரு படத்த போடுறதுக்கு முன்னாடி வீட்டுல முழுசா பார்க்கிறேன், ஓட்டி ஓட்டி இல்ல, பாட்டு உட்பட முழுசா. ஏற்கனவே பார்த்த படமா இருந்தாலும் மறுபடியும் பார்ப்பேன், ஏன்னா நமக்காகப் பார்க்கிறது வேற, அந்த அறுபது முகத்தையும் மனசுல வெச்சுப் பார்க்கிறது வேற. பக்கத்துல ஒரு நோட்டு, எந்த நிமிஷத்துல என்ன வருதுன்னு குறிச்சுக்குவேன். அப்பா குடிச்சிட்டு அம்மாவ அடிக்கிற சீன், சாவு வீடு, தூக்கு, பாம்பு, டீச்சர் பிரம்பால அடிக்கிறது, எல்லாம். அப்புறம் அந்த நோட்டோட வகுப்பு டீச்சர்கிட்ட உக்காந்து பேசுவேன், எந்தப் பிள்ளை வீட்டுல என்ன நிலைமைன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

படிக்கக் கஷ்டப்படுற பையனப் பத்தின 'தாரே ஜமீன் பர்' 2007ல வந்துச்சு, நல்ல படம், நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா ரெண்டே முக்கால் மணி நேரம் கிட்ட ஓடும், அத விட முக்கியம், அந்தப் பையன அப்பா அம்மா போர்டிங் ஸ்கூல்ல விட்டுட்டு கார்ல கிளம்புற சீன். எங்க ஸ்கூல்ல கிட்டத்தட்ட இருபது பேர் விடுதியில தங்கிப் படிக்கிறவங்க. அவங்களுக்கு அது படம் இல்ல, போன ஜூன் மாசம் நடந்தது. அந்தப் படத்த நான் டீச்சருங்க கூட்டத்துக்கு சிபாரிசு பண்ணுவேன், அங்கதான் அது முதல்ல தேவை.

அப்போ எந்தப் படம்தான் போடுறதுன்னு கேப்பீங்க. 2022-23 கல்வியாண்டுல இருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்ல மாசம் ஒரு சிறார் படம் போடுற திட்டம் வந்துச்சு, அதுல எனக்குக் கிடைச்ச பெரிய பாடம், நம்ம பிள்ளைங்களுக்கு வேற நாட்டுப் படம் புரியாதுங்கிறது நம்ம பயம் மட்டும்தான். 'தி ரெட் பலூன்'னு 1956ல வந்த பிரெஞ்சுப் படம், மொத்தமே 34 நிமிஷம், ஒரு பீரியட்டுக்குள்ள முடிஞ்சுரும், வசனமே பெருசா கிடையாது. ஒரு பையன், அவன் பின்னாடியே நாய்க்குட்டி மாதிரி வர்ற ஒரு செவப்பு பலூன், அவ்வளவுதான் கதை. கடைசில மத்த பசங்க உண்டிவில்லால கல்லடிச்சு அந்த பலூன் மெதுவா சுருங்கி விழும். அந்த இடத்துல எங்க ஹால்ல ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. ஒரு ஆறாவதுப் பொண்ணு "பலூன் செத்துருச்சா டீச்சர்?"னு கேட்டுச்சு. எங்க ஊர்ல ஓணான் அடிக்காத பையனே கிடையாது, உண்டிவில் எப்பவும் பாக்கெட்டுலயே இருக்கும், அதுல ஒருத்தன் படம் முடியுற வரைக்கும் ஒரு கைய பாக்கெட்டுக்கு மேல வெச்சு மூடிக்கிட்டே உக்காந்திருந்தான். நான் ஒண்ணும் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு தோணுச்சு.

'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', 1997ல மஜீத் மஜீதி எடுத்த ஈரான் படம், ஒன்றரை மணி நேரம். அண்ணன் தங்கச்சியோட ஷூவ தொலைச்சுடுவான், வீட்டுல சொல்ல முடியாது, வாங்கித் தர காசு இல்லன்னு ரெண்டு பேருக்கும் தெரியும், அதனால காலையில தங்கச்சி அவன் ஷூவ போட்டுட்டு ஸ்கூல் போயிட்டு ஓடி வரணும், அதை வாங்கி மாட்டிட்டு இவன் மத்தியான ஸ்கூலுக்கு ஓடணும். பாஷை புரியாதேன்னு பயந்தேன், சப்டைட்டில் இங்கிலீஷ்ல ஓடினா ஆறாவது பிள்ளையால படிச்சு முடிக்க முடியாது. அதனால முதல் கால்வாசிக் கதைய முன்னாடியே வாயால சொல்லிட்டேன், அப்புறம் நாலு இடத்துல மட்டும் நிறுத்தி என்ன பேசிக்கிட்டாங்கன்னு சொன்னேன், போதும். ஷூ கால்வாயில விழுந்து தண்ணில ஓடுற சீன்ல பாதிப் பேர் எழுந்து நின்னுட்டாங்க. முடிஞ்சதும் ஒருத்தன் கேட்டான், "அவங்க ஊர்ல ஸ்கூல்ல ஷூ ஃப்ரீயா தர மாட்டாங்களா டீச்சர்?" நம்ம விலையில்லா காலணியப் பத்தி அன்னைக்கு அரை மணி நேரம் பேசினோம், சமூக அறிவியல் புத்தகத்துல நான் எடுத்த எந்தப் பாடமும் அவ்வளவு தூரம் போனதில்ல.

தமிழ்ல 'காக்கா முட்டை'ய எட்டாவதுக்கு தாராளமா போடலாம், 2015ல ரிலீஸ் ஆச்சு, சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதும் வாங்கின படம். ஆனா அதையும் சும்மா போட்டுட்டு ஓரமா உக்கார முடியாது. பீட்சா சாப்பிட ஆசைப்பட்டுப் போற குடிசைப் பையன் கன்னத்துல கடை வாசல்ல அறை விழும்போது சிரிக்கிற பசங்களும் இருப்பாங்க, தலைய குனிஞ்சுக்கிற பசங்களும் இருப்பாங்க. படத்துல வர்ற மாதிரி அப்பா ஜெயில்ல இருக்கிற பிள்ளை உங்க வகுப்புலயும் இருக்கலாம். போடலாம்னு முடிவு பண்ணினா அந்த ரெண்டு இடத்துக்கும் நீங்க ஹால்ல எங்க நிக்கணும்னு முன்னாடியே யோசிச்சு வைங்க.

சில நடைமுறை விஷயம். நெட்டுல இருந்து நேரடியா ஓட்டாதீங்க, ஒரு தடவ நான் அப்படி ஓட்டி நடுவுல பணம் கட்டி ஆடுற ரம்மி விளம்பரம் ஓடுச்சு, ஸ்கிப் பட்டன தேடுறதுக்குள்ள பசங்க முழுசா பார்த்துட்டாங்க. அதுக்காக திருட்டு சைட்டுல இறக்கிட்டு வர்றதும் தப்பு, அந்த சைட் பேரு மூலையில ஓடுறத பிள்ளைங்க பார்க்கிறாங்க. மாணவர், ஆசிரியர், பெற்றோர்னு ஸ்கூலோட சம்பந்தப்பட்டவங்களுக்கு மட்டும் பள்ளி நிகழ்ச்சியா படம் போட்டா காப்புரிமை மீறல் ஆகாதுன்னு 1957 காப்புரிமைச் சட்டம் 52வது பிரிவுலயே இருக்கு, ஆனா ஆண்டு விழான்னு ஊரையே கூப்பிட்டு போடுறது அதுல வராது. என்ன படம், எதுக்குன்னு பெற்றோருக்கு நாலு வரி எழுதி அனுப்புங்க. பார்க்க வேணாம்னு நினைக்கிற பிள்ளைய காரணம் கேக்காம லைப்ரரில உக்கார விடுங்க, எல்லார் முன்னாடியும் "ஏன், என்னாச்சு?"ன்னு கேட்டா அந்தப் பிள்ளை அடுத்த தடவ சொல்லவே சொல்லாது.

அப்புறம் இந்த 'படத்தின் நீதி என்ன, ஒரு பக்கக் கட்டுரை எழுதுக' பழக்கத்த தயவுசெஞ்சு விட்டுருங்க. நீதின்னு கேட்டா நமக்குப் பிடிச்ச பதில்தான் வரும், பொய் சொல்லக் கூடாது, பெரியோரை மதிக்கணும்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. எந்த இடத்துல உனக்குக் கோவம் வந்துச்சு, யாரு மேல வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. ஷூ படத்துக்கு அப்புறம் இதக் கேட்டதும் ஒரு பொண்ணு, "அந்த அண்ணன் மேலதான், தொலைச்சது அவன், செருப்பு பெருசா இருக்குன்னு தடுக்கி தடுக்கி ஓடுறது தங்கச்சி"ன்னா. நான் மூணு தடவ பார்த்த படம், எனக்கு அது தோணவே இல்ல.

இந்த மாசத்துக்கு ஒரு படம் எடுத்து வெச்சிருந்தேன், நோட்டுல எல்லாம் குறிச்சு ரெடியா இருந்துச்சு, அதுல 52வது நிமிஷத்துல பையனோட அப்பா செத்துடுவாரு. போன வாரம் எட்டாவது 'பி'ல ஒரு பையனுக்கு அப்பா தவறிட்டாரு, திங்கக்கிழமைதான் திரும்ப ஸ்கூலுக்கு வந்தான். ஹெச்எம்கிட்ட சொல்லி படத்த மாத்தியாச்சு, வெள்ளிக்கிழமை பலூன் படமே மறுபடியும் ஓடும்.