ஓடித் தேறும் முன்பே தகப்பனாகும் குதிரைகள்

அமெரிக்காவின் கென்டக்கி பக்கம் குதிரை வைத்தியம் பார்க்கும் எங்களிடம் பண்ணைக்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "ஏலத்துக்குள் இந்தக் குட்டியின் கால் நேராகிவிடுமா?" என்பதுதான். அந்தக் கால் ஏன் கோணலாக இருக்கிறது, அப்பனுக்கும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. அந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1960-இல் அமெரிக்காவில் தரோபிரெட் என்ற இனத்துப் பந்தயக் குதிரை ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 11 முறை ஓடியது. 2010 வாக்கில் அது 6 ஆகிவிட்டது. இதற்கு ரத்தவழி மட்டும் காரணமில்லை. இன்றைய டிரெய்னர்கள் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே அதிக இடைவெளி விடுகிறார்கள், வெற்றி விகிதம் கெடக்கூடாது என்று ஓட்டங்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் லாயத்தில் தினமும் கால்களைத் தடவிப் பார்க்கிறவன் என்ற முறையில், எலும்பின் உறுதிக்கு இதில் பங்கே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

முதலில் பணக்கணக்கு. 2018-இல் டிரிபிள் கிரவுன், அதாவது மூன்று வயதுக் குதிரைகளுக்கான மூன்று பெரிய பந்தயங்களையும், வென்ற ஜஸ்டிஃபை என்ற குதிரை மொத்தம் ஓடியது 6 முறைதான். ஆறிலும் வெற்றி, பரிசுப் பணம் சுமார் 38 லட்சம் டாலர். முன்னங்கால் மூட்டில் வீக்கம் கண்டதும் மூன்று வயதிலேயே ஓட்டத்தை நிறுத்தி, மறு ஆண்டே இனவிருத்திக்கு விட்டார்கள். உயிரோடு பிறக்கும் ஒரு குட்டிக்குக் கட்டணம் 1,50,000 டாலர். 26 குட்டிகள் உயிரோடு பிறந்தாலே வாழ்நாள் பரிசுப் பணத்தைத் தாண்டிவிடும். பெயர்பெற்ற பொலிகுதிரை ஒரே பருவத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்குதிரைகளோடு சேர்க்கப்படுகிறது. அப்புறம் எந்த உரிமையாளர் நான்கு வயதிலும் ஓடவிட்டு, காலை உடைத்துக்கொள்ளும் அபாயத்தை ஏற்பார்?

இது புதிய வழக்கமும் இல்லை. 1973-இல் செக்ரட்டேரியட் என்ற குதிரை டிரிபிள் கிரவுன் ஓடுவதற்கு முன்பே அதன் இனவிருத்தி உரிமையை 32 பங்குகளாகப் பிரித்து 60.8 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார்கள். அந்த ஆண்டோடு ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. இன்னொரு பக்கம் கெல்ஸோவைப் பாருங்கள். காயடித்த குதிரை என்பதால் பண்ணைக்கு அனுப்ப வழியில்லை. ஒன்பது வயது வரை 63 முறை ஓடியது, 1960 முதல் 1964 வரை தொடர்ந்து ஐந்து முறை ஆண்டின் சிறந்த குதிரை விருது பெற்றது. இப்படி ஆண்டுக்கணக்கில் ஓடித் தன் உறுதியைக் காட்டிய குதிரைக்கு வாரிசே இல்லை. சீக்கிரம் நிறுத்தப்பட்டவற்றுக்கோ நூற்றுக்கணக்கில். கதிர் முற்றும் முன்பே விதைநெல் எடுக்கிற வேலை இது.

ரெய்ஸ் எ நேட்டிவ் என்ற குதிரை 1963-இல் இரண்டு வயதில் நான்கு முறை ஓடி நான்கிலும் வென்றது. பிறகு முன்னங்கால் தசைநாண் கெட்டு ஓட்டம் முடிந்தது. அதன் மகன் மிஸ்டர் ப்ராஸ்பெக்டர் வழியாக அந்த ரத்தம் இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. கிண்டியிலும் ஊட்டியிலும் ஓடிய குதிரைகளும் வெளிநாட்டுப் பொலிகுதிரைகளின் வழிவந்த இதே இனம்தான். 2008 கென்டக்கி டெர்பியில் இரண்டாவதாக வந்து, எல்லையைத் தாண்டிய சில நொடிகளில் இரண்டு முன்னங்கால் மூட்டுகளும் உடைந்து அங்கேயே கருணைக்கொலை செய்யப்பட்ட எய்ட் பெல்ஸ் என்ற பெண்குதிரையின் தந்தைவழியும் ரெய்ஸ் எ நேட்டிவிடம்தான் போய்ச் சேருகிறது. அவள் சாவுக்கு அந்த மூதாதை காரணம் என்று நான் சொல்லவில்லை. வேகம் வந்த வழியாகவே பலவீனமும் வந்திருக்கலாம், அதைச் சோதித்துப் பார்க்க நாம் அவகாசம் கொடுப்பதில்லை என்றுதான் சொல்கிறேன்.

கால் உடைவது பெரும்பாலும் ஒரு நொடி விபத்தல்ல. குளம்புக்குச் சற்று மேலே உள்ள மூட்டில், பின்பக்கம் இரண்டு சிறு எலும்புகள் உண்டு. முழு வேகத்தில் ஒவ்வொரு அடியிலும் அவற்றின் மேல் பெரும் இழுவை விழுகிறது. நுண்ணிய விரிசல்கள் சேர்ந்துகொண்டே போகும், எலும்பு தன்னைச் சரிசெய்துகொண்டே வரும். விரிசல் முந்திக்கொண்டால் ஒருநாள் முறிந்துவிடும். காலையில் இரண்டு முன்னங்கால்களையும் மாறி மாறித் தொடும்போது ஒன்றில் மட்டும் லேசான சூடு, மூட்டை மடக்கினால் ஒரு சின்ன வெட்டிழுப்பு. பல நேரம் முன்கூட்டியே கிடைக்கும் எச்சரிக்கை அவ்வளவுதான். இரண்டு வயதில் அளவாக ஓடுவது எலும்பை வலுவாக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதனால் சின்ன வயதுப் பயிற்சியை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் தொழிலின் பங்கையும் சொல்லியாக வேண்டும். முழங்கால் கோணலான குட்டிக்கு, வேகமாக வளரும் பக்கத்தில் எலும்பு வளரும் இடத்தின் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்துவோம். அந்தப் பக்க வளர்ச்சி மட்டுப்படும், மறுபக்கம் வளர்ந்து கால் நேராகும். நேரானதும் கழற்றிவிடுவோம். சில மாதங்களில் ரோமம் மூடிவிடும். உற்றுப் பார்த்தால் பொட்டளவு வெள்ளை ரோமம் தெரியலாம், அதுவும் எப்போதும் இல்லை. குட்டிக்கு இது நல்ல சிகிச்சை, நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் திருகாணி காலைத்தான் திருத்துகிறது, மரபணுவைத் திருத்துவதில்லை. ஏலத்தில் வாங்குபவரும், பிறகு அதன் குட்டிகளை வாங்குபவரும் பார்ப்பது நேரான காலை மட்டும்தான். மருந்தும் இதே போலத்தான். நுரையீரலில் ரத்தம் கசிவதைத் தடுக்க ஓட்டத்தன்று லேசிக்ஸ் ஊசி போடுவது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகச் சாதாரணம். ஜெர்மனியில் மருந்தோடு ஓடிய குதிரையைப் பொலிகுதிரையாக ஏற்பதில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் குதிரைகள் ஆயிரம் முறை ஓடினால் உயிரிழப்பு 2009-இல் 2.00, 2023-இல் 1.32. ஓடுதளப் பராமரிப்பு, ஓட்டத்துக்கு முந்தைய பரிசோதனை, மருந்துக் கட்டுப்பாடு ஆகியவற்றின் பலன் இது என்பது என் கணிப்பு. இனவிருத்திப் பக்கம் மாற்றம் வரவில்லை. ஒரு பொலிகுதிரைக்கு ஆண்டுக்கு 140 பெண்குதிரைகள் என்று, குதிரைகளைப் பதிவு செய்யும் அமைப்பான ஜாக்கி கிளப் 2020-இல் கொண்டுவந்த வரம்பைக்கூட, வழக்கும் எதிர்ப்பும் வர, 2022-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

ஐந்து வயதுக்கு முன் சேர்க்கப்பட்ட பொலிகுதிரையின் குட்டிகளைப் பதிவு செய்யக்கூடாது என்று விதி வர வேண்டும் என்பது என் கருத்து. அடிபட்ட குதிரை ஓய்வெடுத்துவிட்டு ஐந்தில் பண்ணைக்குப் போகட்டும், உரிமையாளருக்குப் பணம் தாமதமாகுமே தவிர, போய்விடாது. நல்ல காலோடு இருக்கும் குதிரையை மூன்றிலேயே நிறுத்தும் அவசரம் மட்டும் குறையும். இந்த விதி வரும்வரை, ஏலக் கேட்டலாக்கில் வென்ற பந்தயங்களின் பெயர்களோடு, அப்பன் எத்தனை முறை ஓடியது, எந்த வயதில், எதனால் நிறுத்தப்பட்டது, குட்டிக்குக் காலில் அறுவை நடந்ததா என்று நான்கு தகவல்களைச் சேர்க்கச் சொல்லி வாங்குபவர்கள் கேட்கலாம். பணம் கொடுப்பவர் கேட்டால் பண்ணைகள் எழுதித்தான் தீர வேண்டும்.