முங்கும்போது நெஞ்சு என்ன செய்கிறது?

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் கடல்பாசி எடுக்கப் போகும்போது விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு பாறையாக ஒட்டியிருக்கும். வெறும் விரலால் பிய்த்தால் தோல் கிழிந்துவிடும். அப்புறம் கண்ணாடியை மாட்டி, ஒரு மூச்சை இழுத்து முங்க வேண்டியதுதான். சிலிண்டர் எல்லாம் கிடையாது.

முகத்தில் தண்ணீர் பட்டதுமே உடம்பு வேறு கணக்குக்கு மாறிவிடுகிறது. நெற்றியிலும் மூக்கைச் சுற்றியும் உள்ள நரம்பு மூளைத்தண்டுக்குச் சேதி சொல்கிறது. அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு உத்தரவு வருகிறது: மெதுவாகத் துடி. துடிப்பு 10 முதல் 25 சதவீதம் வரை குறையலாம். கைகால்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. சற்று நேரத்தில் மண்ணீரலும் சுருங்கி, சேர்த்து வைத்திருந்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடுகிறது. மாசக் கடைசியில் குடும்பம் நடத்துவது போல, இருக்கிற ஆக்சிஜனை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறது உடம்பு.

இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கு இதில் தீராத வியப்பு. கடலில் கால் நனைக்காத பரமக்குடிக்காரருக்கும், கைக்குழந்தைக்கும், ஜேஜு தீவில் சிப்பி எடுக்கும் கொரியப் பாட்டிக்கும் இதே அனிச்சைச் செயல்தான். 1962இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஷோலாண்டர் என்ற உடலியல் அறிஞரின் குழு, ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணையில் முத்துக் குளிப்பவர்களின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தது. சீல் என்ற கடல்விலங்குகளிடம் அவர் ஏற்கெனவே பார்த்த மாற்றம்தான் அவர்களிடமும் தெரிந்தது.

பழக்கம் உதவுவது வேறு இடத்தில். மூச்சு முட்டுவதற்கு முக்கியக் காரணம் ஆக்சிஜன் குறைவது அல்ல, கரியமில வாயு சேருவதுதான். அந்த நெருக்கலைப் பொறுத்துக்கொள்ளத்தான் பாசிக்காரப் பெண்கள் சின்ன வயதிலிருந்தே பழகுகிறார்கள்.

சரி, மனிதருக்கு மனிதர் வித்தியாசமே இல்லையா? உண்டு. தென்கிழக்கு ஆசியாவின் பஜாவ் மக்கள் தலைமுறை தலைமுறையாக முங்கிப் பிழைப்பவர்கள். அவர்களின் மண்ணீரல் அருகே வாழும் சாலுவான் மக்களுடையதைவிடச் சுமார் 50 சதவீதம் பெரியது என்று 2018இல் ஓர் ஆய்வு கண்டது. முங்காத பஜாவ்களுக்கும் அது பெரிதாகவே இருந்தது. அதனால் மரபணுவில் தேடினார்கள், தடயமும் கிடைத்தது. ஆனால் பெரிதானது கிடங்குதான். அதைத் திறக்கும் சாவி எல்லோரிடமும் ஒன்றுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் வேண்டாம். அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மூச்சை அடக்கி முகத்தை அமிழ்த்துங்கள். பக்கத்தில் ஒருவர் உங்கள் மணிக்கட்டில் நாடி பிடிக்கட்டும். அரை நிமிடத்துக்குள், ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே இடைவெளி நீளுவது அவர் விரலுக்குத் தெரியும்.