அந்த அறையில் இருப்பவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் இல்லை

கணக்கு முடிக்கும் மாதம் வந்தாலே இந்தப் பேச்சும் வந்துவிடும். செலவுப் பட்டியலில் ‘குழு உறுப்பினர் கட்டணம்’ என்று ஒரு வரி இருக்கும். கணக்கு எழுதுகிற என்னிடம் வருகிற தொழில்காரர்கள் அதில் விரலை வைத்து, “இது சுத்த தண்டம் சார், அடுத்த வருஷம் கட்டப் போறதில்ல” என்பார்கள். போன வாரம் வந்தவர் அலுவலகங்களுக்கு நாற்காலி, மேசை செய்து கொடுப்பவர். வேலையில் குறை சொல்ல முடியாது. வாரா வாரம் கூடும் உள்ளூர் வணிகர் குழு ஒன்றில் சேர்ந்து அரை வருடம் ஆகியிருந்தது. “நாற்பது பேர் இருக்காங்க, ஒருத்தர்கூட ஒரு நாற்காலி வாங்கல” என்றார்.

ஏன் வாங்க வேண்டும்? நாற்பது பேருக்கும் உட்கார நாற்காலி ஏற்கெனவே இருக்கிறது.

பொருள் மட்டும் மாறி இதே வசனத்தை அச்சகக்காரர், கேமரா மாட்டுகிறவர், காப்பீட்டு முகவர் என்று ஆளாளுக்குச் சொல்லிக் கேட்டு அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிட்டால், அடுத்து வருகிறவரிடம் இதைப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிடலாம்.

குழுவில் சேருவது எப்படி, கூட்டம் எப்படி நடக்கும் என்பதெல்லாம் ஒரு நாள் விருந்தினராகப் போய் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். அதை விடுங்கள். தவறு அங்கே ஆரம்பிப்பதில்லை. சேருகிறவர் மனதில் அந்த அறை ஒரு சந்தையாகத் தெரிகிறது. நாற்பது பேர் கையில் பணத்தோடு நிற்கிறார்கள், நாம் கடை விரித்தால் போதும் என்று. அதனால்தான் போன முதல் நாளே எல்லோருக்கும் விசிட்டிங் கார்டு நீட்டுகிறார், இரண்டாம் நாளிலிருந்து குழுவின் வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு ஆஃபர் போடுகிறார், மூன்றாம் மாதம் யாரும் வாங்கவில்லை என்று கோபித்துக்கொள்கிறார்.

சரி, நாற்பது பேரும் வாங்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நாற்காலி வாங்கியவர் மறுபடி எப்போது வாங்குவார்? பல வருடம் ஆகும். அதாவது நாற்பதாவது ஆளுக்கு விற்ற அன்றைக்கே உங்கள் சந்தை தீர்ந்துபோனது. அப்புறம் வாரா வாரம் எதற்கு அங்கே போக வேண்டும்? இப்போது கணக்கை வேறு பக்கமாகப் போட்டுப் பாருங்கள். அந்த நாற்பது பேரும் தொழில் செய்கிறவர்கள். ஆளுக்கு நூறு வாடிக்கையாளர் என்று குறைத்துப் போட்டாலும் நாலாயிரம். ஒரே வாடிக்கையாளர் இரண்டு மூன்று பேர் பட்டியலில் வருவார் என்று பாதியைக் கழித்தாலும் இரண்டாயிரம். அந்த இரண்டாயிரத்தில் யார் புது அலுவலகம் திறக்கிறார், யார் இடம் மாறுகிறார், யார் பத்துப் பேரைப் புதிதாக வேலைக்கு எடுக்கிறார் என்பது நாற்காலிக்காரருக்குத் தெரிய வழியே இல்லை. இடம் பார்த்துக் கொடுக்கும் தரகருக்குத் தெரியும். வயரிங் செய்கிறவருக்குத் தெரியும். இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பவருக்குத் தெரியும். கணக்கு எழுதுகிற எனக்கும் தெரியும். (ஆனால் நானாகச் சொல்ல மாட்டேன். தொழில் ரகசியம் என்று ஒன்று இருக்கிறது. “நல்ல ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க” என்று அவரே கேட்டால்தான் வாயைத் திறப்பேன்.)

ஆக, அங்கே இருப்பவர்கள் வாங்குகிறவர்கள் இல்லை. வாங்கப்போகிறவர்களை உங்களுக்கு முன்பே சந்திக்கிறவர்கள். மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சொல்லி அனுப்பிய பிறகும் அடுத்த கூட்டத்தில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் “உங்க ஆபீஸுக்கு ஏதாவது வேணுமா?” என்று கேட்கிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அவருக்கு வேண்டுமென்றால் அவரே கேட்பார், நீங்கள் எதிரிலேயேதான் இருக்கிறீர்கள்.

“எனக்குத்தான் நிறைய நண்பர்கள், சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, புதிதாக ஒரு குழு எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். 1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. எப்போதாவது என்றவர்கள் ஏறக்குறைய 56 சதவீதம், அபூர்வமாக என்றவர்கள் 28. சிறிய ஆய்வுதான், அதுவும் வேலை தேடுவதைப் பற்றியது. ஆனால் காரணம் தொழிலுக்கும் பொருந்தும். உங்கள் மச்சானுக்குத் தெரிந்த ஆட்கள் பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்தவர்கள். உங்களுக்கு எட்டாத செய்தி, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் பார்க்கிற அந்தக் குழாய் வேலைக்காரரிடம்தான் இருக்கும்.

இந்த ஏற்பாடு புதிதும் இல்லை. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் இன்னும் மூன்று பேரோடு உட்கார்ந்து பேசினார். ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் தையல் தொழில் நடத்துபவர். இப்படி உருவானதுதான் ரோட்டரி. கூட்டத்தை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவர் இடத்தில் சுழற்சியாக நடத்தியதால் வந்த பெயர் அது. பொதுச் சேவைதான் முகம் என்று ஆனது பிற்பாடு. ஆரம்பத்தில் உறுப்பினர்களின் தொழில் வளர்ச்சியும் வெளிப்படையான நோக்கமாக இருந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்ற விதி அப்போதே உண்டு. 1985-ல் கலிபோர்னியாவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பிஎன்ஐ (BNI) என்ற வணிகர் குழு அமைப்பு அதே விதியை எடுத்துக்கொண்டு, வாராந்தரக் கூட்டம், ஒவ்வொருவருக்கும் தன் தொழிலைப் பற்றி ஒரு நிமிடப் பேச்சு, ஒருவருக்கொருவர் கொடுத்த பரிந்துரைகளை எழுதிவைப்பது என்று இறுக்கமாக்கியது. இன்று பல ஊர்களில் நடக்கும் குழுக்கள் ஏறக்குறைய இதே அச்சில்தான் நடக்கின்றன. தொழிலுக்கு ஓர் ஆள் என்பதை ஏதோ சலுகை என்று நினைக்கிறார்கள். அது பொறுப்பு. உங்கள் இடத்தில் வேறொருவர் வர முடியாது என்பதால், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தத் தொழில் பற்றிய தேவை வரும்போது மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் கைகாட்ட ஆள் இல்லாமல் போகும்.

குழுவைச் சரியாகப் பயன்படுத்துகிறவர் எப்படி இருப்பார்? பூச்சிக் கட்டுப்பாடு செய்யும் ஒருவரின் கணக்கை நான் பார்க்கிறேன். குழுவில் யாரிடமும் அவர் மருந்து விற்கப் போகவில்லை. தன் ஒரு நிமிடத்தில் கரையான் இருப்பதற்கான மூன்று அடையாளங்களை மட்டும் மாற்றி மாற்றிச் சொன்னார். சுவரோரம் பென்சில் கனத்துக்கு ஓடும் மண் கோடு. தட்டினால் பொள்ளென்று கேட்கும் நிலைப்படி. ஜன்னலடியில் உதிர்ந்து கிடக்கும் சிறு இறகுகள். அப்புறம் மின் வேலைக்காரரையும் தச்சரையும் தனித்தனியாக அழைத்து உட்கார்ந்து, போட்டோ காட்டினார். அவ்வளவுதான். மின் வேலைக்காரர் ஒரு வீட்டில் சுவிட்ச் பெட்டியைக் கழற்றுகிறார், உள்ளே மண் கோடு. அங்கிருந்தே போன் போட்டு, வீட்டுக்காரரிடம் கொடுத்து, “இவர்கிட்ட பேசுங்க, எனக்குத் தெரிஞ்சவர்” என்கிறார். வீட்டுக்காரருக்குத் தன் வீட்டில் கரையான் இருப்பதே அந்த நிமிடம்தான் தெரியும். எந்த விளம்பரமும் அந்த நேரத்தில் அந்தச் சுவர் முன்னால் போய் நிற்காது.

இதில் கவனிக்க வேண்டியது, யார் அனுப்பினார் என்பது. ஒரே வீட்டுக்குள் ஒருவர் பின் ஒருவராகப் போகிற தொழில்கள் அவை. மின் வேலை, குழாய் வேலை, தச்சு, பெயிண்ட், உள் அலங்காரம். கல்யாணம் என்றால் மண்டபம், போட்டோ, பூ, சமையல், உடை. உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் அதே வாடிக்கையாளரிடம் போகிறவர் யார் என்று முதலில் எழுதிப்பாருங்கள். அந்த ஐந்தாறு தொழில்களும் இல்லாத குழு, எத்தனை பேர் இருந்தாலும் உங்களுக்குச் சரிப்படாது. சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்காமல் கட்டணத்தைக் கட்டிவிட்டு என்னிடம் வந்து புலம்பாதீர்கள்.

நாற்காலிக்காரரின் ஒரு நிமிடப் பேச்சைச் சொல்லச் சொன்னேன். “சிறந்த தரம், நியாயமான விலை, குறித்த நேரத்தில் டெலிவரி” என்றார். மோசமான தரம், அநியாய விலை என்று எவராவது சொல்வாரா? கேட்டவர் மனதில் எதுவும் ஒட்டாது. “அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் முடிந்து இடம் மாறுகிற அலுவலகம் ஏதாவது தெரியுமா?” என்று கேட்கச் சொன்னேன். கேட்ட உடனே இரண்டு பேருக்காவது ஒரு முகம் நினைவுக்கு வரும். ‘யாராக இருந்தாலும் பரவாயில்லை’ என்று கேட்டால் ஒரு முகமும் வராது.

இன்னொன்று, வெறும் போன் நம்பரைப் பரிந்துரை என்று எண்ணாதீர்கள். “இந்த நம்பருக்குப் பேசிப் பாருங்க” என்பது பாதி வேலைகூட இல்லை. அந்த வாடிக்கையாளரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு, இரண்டு பேரையும் பேச வைப்பதுதான் பரிந்துரை. கேட்காமல் நம்பர் கொடுப்பது மரியாதைக் குறைவு. பல நாடுகளில் தனிநபர் தகவல் சட்டப்படி தப்பும்கூட. உங்களுக்கு ஒருவர் இப்படி வேலை அனுப்பினால் அன்றைக்கே கூப்பிடுங்கள். வேலை முடிந்ததும் அனுப்பியவருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். அவர் பணயம் வைத்தது தன் பெயரை. நீங்கள் போகாமல் விட்டால் திட்டு வாங்குவது அவர்தான், அடுத்த தடவை உங்கள் பெயர் அவர் நாக்கில் வராது.

எவ்வளவு நாள் ஆகும்? மிஸ்னர் இதை மூன்று கட்டமாகச் சொல்வார். முதலில் நீங்கள் இருப்பது தெரிய வேண்டும், அப்புறம் நம்பிக்கை வர வேண்டும், அதற்கப்புறம்தான் லாபம். முதல் கட்டத்தில் நின்றுகொண்டு மூன்றாம் கட்டத்தைக் கேட்கிறவர்கள்தான் என் எதிரில் வந்து உட்காருகிறார்கள். நம்பிக்கைக்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று: நீங்கள் முதலில் நாலு பேருக்கு வேலை அனுப்புங்கள்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

விற்பனைப் பதிவேட்டில் ‘யார் மூலமாக’ என்று ஒரு பத்தி கூடுதலாகப் போடுங்கள். ஒவ்வொரு புது வாடிக்கையாளருக்கும் நிரப்புங்கள். இதைச் செய்யாமல் குழு பிரயோஜனமா, தண்டமா என்று யாருமே சொல்ல முடியாது. பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரருக்கும் அந்தப் பத்தியை நிரப்பிய பிறகுதான், அந்த ஒரு மின் வேலைக்காரர் எவ்வளவு வேலை அனுப்பியிருக்கிறார் என்றே தெரிந்தது. குழு வழியாக வந்தவர் அனுப்பிய அடுத்த ஆளையும் அதே கணக்கில் எழுதுங்கள். பெரும்பாலோர் இதை விட்டுவிட்டு, ஒன்றும் வரவில்லை என்கிறார்கள்.

கூட்டங்களில் ‘நம் குழுவில் இதுவரை நடந்த வியாபாரம்’ என்று பெரிய தொகை வாசிப்பார்கள். கை தட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அது பில் தொகை, லாபம் இல்லை. பெரிய கட்டட ஒப்பந்தம் ஒன்று நடந்திருந்தால் தொகை எகிறும். அதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை. உங்கள் பக்கம் வந்த வேலைகளின் லாபத்தை, கட்டணம், போக்குவரத்து, காலையில் கடையைத் திறக்காமல் விட்ட நேரம் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழுவில் இருப்பவருக்கு வேலை செய்தால் முன்பணம் கேட்கக் கூச்சம் வருகிறது, மதிப்பீடு எழுதிக் கொடுக்கக் கூச்சம் வருகிறது. அந்தக் கூச்சம்தான் பின்னால் என் மேசையில் வாராக் கடனாக வந்து உட்காருகிறது. தெரிந்தவர் என்றால் இன்னும் கவனமாக எழுதிக் கொடுங்கள். பணமும் போய், வாரா வாரம் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடமும் எதற்கு? பரிந்துரைக்குக் கமிஷன் உண்டென்றால் வாடிக்கையாளருக்குத் தெரியட்டும், கணக்கிலும் வரட்டும். என்னைப் போன்றவர்களும் வழக்கறிஞர்களும் அப்படிக் கமிஷன் வாங்கப் பல நாடுகளில் தடை உண்டு, வற்புறுத்தாதீர்கள்.

ஒரு வேண்டுகோள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். குழுவில் யாராவது முதலீட்டுத் திட்டத்தோடு வந்தால், மாதாமாதம் நிச்சய வருமானம் என்றால், எழுந்து வெளியே வந்துவிடுங்கள். பெரிய முதலீட்டு மோசடிக்காக 2008 டிசம்பரில் அமெரிக்காவில் கைதான பெர்னார்ட் மேடாஃபிடம் பணம் போட்டவர்களில் நிறைய பேர் கிளப்பிலும் சமூக வட்டத்திலும் பழகியவர்கள் சொன்னதை நம்பிப் போனவர்கள். உங்களுக்கு வேலை கொண்டுவருவதும் பழக்கத்தில் வரும் நம்பிக்கைதான், உங்கள் சேமிப்பைக் கொண்டுபோவதும் அதே நம்பிக்கைதான்.

நாற்காலிக்காரர் இன்னும் ஒரு வருடம் கட்டிப் பார்க்கிறேன் என்று போயிருக்கிறார், புதுப் பத்தியோடு. நான் சொன்ன நிபந்தனை இது. வருட முடிவில் அந்தப் பத்தி சேர்த்துக் காட்டும் லாபம் செலவைத் தாண்டவில்லை என்றால், ஒரு நிமிடப் பேச்சை மாற்றியும் பலன் இல்லை என்றால், தாராளமாக விலகிவிடலாம். விலகும்போது வாட்ஸ்அப்பில் நீளமாகக் குறை எழுதிவிட்டு வெளியேறாமல், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். குழுவை விட்டு வந்த பிறகும் அந்த இடத் தரகர் அவருக்கு ஆள் அனுப்பக்கூடியவர்தான்.