போஸ்: தோரணையா, நிலையா?

“மாடல் தன் தோரணையை ஒவ்வொரு கிளிக்குக்கும் சற்றே மாற்ற வேண்டும்.” ஃபேஷன் போட்டோகிராபி பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் இப்படி ஒரு வாக்கியம் இல்லாத பக்கம் அபூர்வமாகிவிட்டது. தோரணை நுட்பங்கள், நிற்கும் தோரணை, உட்காரும் தோரணை என்று வளர்ந்து, இப்போது படுத்திருக்கும் தோரணைகூட வந்துவிட்டது. படுத்துக்கொண்டு என்ன தோரணை காட்டுவது? ‘போஸ்’ என்பதற்குத் தமிழ் தேடிய யாரோ ஒருவர் அகராதியில் கிடந்த ஒரு சொல்லை எடுத்துப் போட, பின்னால் வந்தவர்கள் யோசிக்காமல் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘போஸ்’ ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கு மூலம் பிற்கால லத்தீனில் உள்ள ‘பௌசாரே’. நின்றுபோதல், ஓய்தல் என்று பொருள். பாட்டை நடுவில் நிறுத்த நாம் அழுத்தும் ‘பாஸ்’ பொத்தானும் இதே குடும்பம்தான். லத்தீனில் ‘போனெரே’ என்று இன்னொரு வினை உண்டு. ‘வை’ என்று பொருள். ‘பொசிஷன்’, ‘போஸ்ச்சர்’ இரண்டும் அதன் பிள்ளைகள். ஒலி ஒற்றுமையால் இரண்டு வினைகளும் கலந்துபோய், நிற்பதைச் சொன்ன சொல் வைப்பதையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியது. ஓவியர் முன்னால் அசையாமல் இருந்து காட்டுவதற்கு அது பொருந்திப்போனது. 1839இல் டாகுரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறை அறிவிக்கப்பட்ட பிறகு கேமராவுக்கு முன்னாலும் அதே சொல். ஆரம்ப காலத்தில் ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும் என்பதால், தலை ஆடாதிருக்கப் பின்னால் ஒரு தாங்கியைப் பொருத்தி வைத்தார்கள். பாசாங்கு என்ற கிளைப்பொருளும் ஆங்கிலத்தில் உண்டு. தோரணை உள்ளே நுழைந்தது அந்தச் சந்து வழியாகத்தான் என்பது என் சந்தேகம்.

தோரணை என்றால் என்ன? அதிகாரத் தோரணை, மிரட்டும் தோரணை, பெரிய மனிதத் தோரணை. “கேட்டது தப்பில்லை, கேட்ட தோரணைதான் சரியில்லை” என்கிறோம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் உடன்பிறப்பான ‘தோரணி’ போக்கையும் பேச்சு நடையையும்தான் குறிக்கிறது. அதாவது, ஒருவர் தன்னை எப்படி எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது வெளியே தெரியும் விதம். போனில் பேசுபவரின் தோரணை நமக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவர் எந்தக் காலை ஊன்றியிருக்கிறார், முழங்கை மடங்கியிருக்கிறதா என்பது தெரியாது. மறுபக்கம், உடை மாட்டி நிறுத்தும் பொம்மையைப் பாருங்கள். அதற்குப் போஸ் உண்டு. செய்தவர் இடுப்பை வளைத்து, ஒரு கையை மடக்கியே வைத்திருக்கிறார். தோரணை மட்டும் கிடையாது. உடலே தெரியாத இடத்தில் தோரணை இருக்கும், உயிரே இல்லாத இடத்தில் போஸ் இருக்கும் என்றால் இரண்டும் எப்படி ஒரே பொருளாகும்?

இதை வெறும் அகராதிச் சண்டை என்று தள்ளிவிட முடியாது, வேலை நடக்கும் இடத்திலேயே இடிக்கிறது. ஒரு மாடல் பின்காலில் பாரத்தைப் போட்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து நிற்கிறார் என்று வையுங்கள். முகவாயைச் சற்றுத் தூக்கிக் கண்ணை நேராக லென்ஸில் நிறுத்தினால் அதில் ஒரு சவால் வந்துவிடும். அதே காலும் அதே கையும் இருக்க, பார்வையைத் தளர்த்தி லேசாகச் சிரித்தால் பழகிய தோழி மாதிரி ஆகிவிடும். போஸ் ஒன்று, தோரணை இரண்டு. உடைக்கு எது பொருந்தும் என்று பார்த்து, போட்டோகிராபர் இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்கிறார். “போஸ் அப்படியே இருக்கட்டும், தோரணையை மட்டும் மாற்றுங்கள்” என்பது அந்த இடத்தில் மிகச் சாதாரணமான வாக்கியம். போஸே தோரணை என்று எழுதுபவர் இதை எப்படி எழுதுவார்? ‘ஆட்டிட்யூட்’ என்று ஃபேஷன்காரர்கள் ஓயாமல் சொல்கிறார்களே, அதற்குத் தமிழில் கச்சிதமாக வாய்த்த சொல் இந்தத் தோரணைதான். அதை இங்கே செலவழித்துவிட்டு அங்கே வெறுங்கையோடு நிற்கிறோம்.

தோரணைக்காரர்களின் வழக்கமான பதில் ஒன்று உண்டு: போஸ் ஆங்கிலம், தோரணை தமிழ், ஆகவே தமிழையே எழுதுவோம். சரி, தூய்மைதான் அளவுகோல் என்றால் தோரணையின் வேரைத் தோண்டிப் பாருங்கள், ‘தோரணி’ வழியாக வடமொழிக்குத்தான் போய்ச் சேரும். அதற்காக அதை விரட்டச் சொல்லவில்லை. அதன் இடத்தில் அது அருமையான சொல். தூய்மையும் இல்லாமல், தெளிவும் இல்லாமல், தமிழ் எழுத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சொல்லைத் தூக்கிப் பிடிப்பதுதான் எனக்குப் புரியவில்லை. இன்னொரு பதில், தோரணை அழகாக ஒலிக்கிறது என்பது. அழகாக ஒலிப்பவையெல்லாம் பொருந்திவிடும் என்றால் ‘ஒயில்’ என்றே வைத்துவிடலாமே. கோணல்மாணலாக, முழங்கால்களை உள்ளே திருப்பி, தோளைக் குறுக்கி நிற்கும் எடிட்டோரியல் போஸுக்கும், அதாவது ஃபேஷன் பத்திரிகைப் படத்தொடர்களில் வரும் போஸுக்கும், ஒயில் என்று பெயர் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

மற்ற போட்டியாளர்களை வேகமாகக் கடந்துவிடலாம். ‘பாவனை’ என்றால் இருப்பதுபோல் காட்டுதல். அழுவதுபோல் பாவனை செய்யலாம், சாய்வதைப் பாவனை செய்தால் விழவேண்டியதுதான். தவிர, இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் நுகர்வோர். ‘மாடல்களுக்கான பாவனைக் குறிப்புகள்’ என்ற தலைப்பை அங்கே ஒருவர் எப்படிப் படிப்பார் என்று யோசியுங்கள். ‘நிலைப்பாடு’ அரசியல்வாதிகளிடம் போய்விட்டது, அவர்களிடமே இருக்கட்டும். ‘கோலம்’ மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று திருமாலின் வடிவங்களைப் பிரித்துச் சொல்லும் மரபு இருக்கிறது, அந்தப் பிரிவு போஸ் பற்றியதேதான். ஆனால் கோலத்தில் உடையும் ஒப்பனையும் சேர்ந்தே வரும். மணக்கோலம் என்றால் உடுத்தியிருப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். உடையே விஷயமாக இருக்கும் ஃபேஷன் படத்தில், உடையையும் உடல் நிற்கும் விதத்தையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப முடியாது. ‘கரணம்’ என்று பழைய ஆடல் நூல்களைக் காட்டுபவர்களும் உண்டு. அந்த 108 கரணங்களும் கை, கால், உடல் சேர்ந்த அசைவுகள். சிற்பத்தில் செதுக்கியிருப்பது அந்த அசைவின் ஒரு கணம் மட்டுமே.

என் கட்சி ‘நிலை’. வேர் ‘நில்’. இந்த ஒரு வினையில் காலூன்றி நிற்பதும் அடங்கும், அசைவை நிறுத்துவதும் அடங்கும். “அங்கே நில்” என்றால் ஒன்று, “நில், ஓடாதே” என்றால் மற்றொன்று. ‘பௌசாரே’ சொன்னதை ‘நில்’ தானாகவே சொல்லிவிடுகிறது. நின்ற நிலை, அமர்ந்த நிலை, சாய்ந்த நிலை, கிடந்த நிலை என்று தடையில்லாமல் விரியும். உறுப்பு உறுப்பாகப் பேசவேண்டும் என்றால் கைநிலை, கால்நிலை. போஸ் அமைக்கும் கலைக்கு நிலையமைப்பு. ஒரே ஒரு எச்சரிக்கை: உடலின் நிலைதானே என்று ‘உடல்நிலை’ என்று எழுதிவிடாதீர்கள். மாடலுக்குக் காய்ச்சலா என்று கேட்பார்கள்.

நிலை என்று சொன்னவுடன் பேச்சு, இருக்கவேண்டிய இடத்துக்கு, அதாவது எலும்புக்கும் மூட்டுக்கும் பாரத்துக்கும் வந்துவிடுகிறது. இரண்டு காலிலும் பாரத்தைச் சமமாகப் போட்டு, லென்ஸுக்கு நேராக நின்றால் உடல் பலகை மாதிரி தெரியும். ஒரு காலை ஊன்றி மற்றதைத் தளர்த்தினால் இடுப்பு ஒரு பக்கம் ஏறும், அதை ஈடுகட்டத் தோள் எதிர்ப்பக்கம் சாயும், வளைவு தானாக வரும். கிரேக்கச் சிற்பிகள் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கல்லிலும் வெண்கலத்திலும் பிடித்தது இதைத்தான். இத்தாலியர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கொன்ட்ரபோஸ்தோ’, எதிராக வைத்தது. அந்த ‘போஸ்தோ’விலும் பழைய ‘போனெரே’தான் இருக்கிறது. நம் சிற்பிகள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். வளைவில்லாத நேர் நிலை சமபங்கம், லேசான வளைவு ஆபங்கம், கழுத்திலும் இடையிலும் காலிலும் மூன்று வளைவு என்றால் திரிபங்கம், மிகுந்த வளைவு அதிபங்கம். பூப்பிடித்ததுபோல் மடங்கிய கைக்குக் கடகம், தளர்ந்து தொங்கும் கைக்கு வேறு பெயர். ஆங்கிலத்தில் ‘எஸ் கர்வ்’ என்று சொல்வதை ‘எஸ் வளைவுத் தோரணை’ என்று மொழிபெயர்ப்பவருக்குத் திரிபங்கம் என்ற சொல்லே நினைவுக்கு வராதது வருத்தமாக இருக்கிறது. வடசொல் வேண்டாம் என்றால் மூவளைவு நிலை என்று எழுதலாம், அதுவும் தெளிவாகத்தான் இருக்கிறது.

‘நிலை’ மீது வரும் நியாயமான ஆட்சேபம் ஒன்றுதான்: இன்றைய ஃபேஷன் படங்களில் யார் அசையாமல் நிற்கிறார்கள்? உண்மைதான். 1933இல் ஹார்ப்பர்ஸ் பஜார் என்ற ஃபேஷன் இதழுக்காகப் போட்டோகிராபர் மார்ட்டின் முன்காச்சி ஒரு மாடலைக் கடற்கரையில் ஓடவிட்டு எடுத்த படம் அந்தக் காலத்து ஸ்டூடியோ வழக்கத்தையே உடைத்தது. பிறகு இன்னொரு போட்டோகிராபர் ரிச்சர்ட் அவெடன் மாடல்களைக் குதிக்கவும் சுழலவும் வைத்தார். இப்போது பல மாடல்கள் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டே போவார்கள், ஃப்ளாஷ் அடிக்கும் தாளத்தில் கை மாறும், தலை திரும்பும். ஆனால் கூர்ந்து பார்த்தால், கைதேர்ந்த மாடல் ஒவ்வொரு மாற்றத்தின் முடிவிலும் ஒரு நொடி தங்குகிறார். அந்தத் தங்கலில்தான் படம் விழுகிறது. ஓட்டத்தை எடுக்கும்போதுகூட, எட்டு வைத்த கால் எங்கே இருக்கும்போது துணி நன்றாகப் பறக்கும் என்று பார்த்துத்தான் மறுபடி மறுபடி ஓடவைக்கிறார்கள். அசைவுக்குள் தேடுவதும் ஒரு நிலையைத்தான்.

வினைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ‘போஸ் கொடு’ என்பதை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முகம் கொடுத்துப் பேசு, காது கொடுத்துக் கேள், தோள் கொடு என்று உடலைக் கொடுத்துப் பழகிய மொழி, போஸையும் கேமராவுக்குக் கொடுக்கச் சொன்னது இயல்பாக நடந்தது. யாரும் உட்கார்ந்து உருவாக்கவில்லை. ‘தோரணை செய்தார்’, ‘தோரணை அளித்தார்’ என்பவை அப்படி இல்லை, படித்தவுடன் பல்லில் கல். ‘நிலைகொண்டார்’ என்று எழுதலாம்தான், ஆனால் வானிலை அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நிலைகொள்வது காதில் ஒலிக்கும். எனவே எழுத்தில் பெயர்ச்சொல்லாக நிலை, பேச்சில் போஸ் கொடு. இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தாலும் குடி முழுகிவிடாது. தப்பான தமிழ்ச் சொல்லைவிட எல்லோருக்கும் புரிந்த கடன்சொல் மேல்.

உண்மையில் என் எரிச்சல் தோரணையோடு நிற்கவில்லை. இந்தக் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள், படத்தைப் பார்க்காமல் வாக்கியத்தை மட்டும் பார்க்கிறார்கள். ‘வெயிட் ஷிஃப்ட்’ என்பது ‘எடை மாற்றம்’ ஆகிவிடுகிறது. படிப்பவர் மாடல் இளைக்க வேண்டும் போல என்று நினைப்பார். பாரத்தைப் பின்காலுக்கு மாற்று, அவ்வளவுதான். உடம்புக்கும் கைக்கும் நடுவே விடும் ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’ என்பது ‘எதிர்மறை இடம்’ ஆகிறது. அந்த இடம் யாருக்கு என்ன கெடுதல் செய்தது? இடுப்பின் கோடு மறையாமலிருக்க விடும் இடைவெளி அது. இடைவெளி என்றே எழுதலாம். ‘பவர் போஸ்’ ஓர் இடத்தில் ‘சக்தித் தோரணை’யாக வந்திருந்தது. கால்களை அகட்டி, தோளை விரித்து நிற்பதைத்தான் சொல்கிறார்கள் என்று அதைப் படித்து ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. ‘சாஃப்ட் ஹேண்ட்ஸ்’ என்றால் ‘மென்மையான கைகள்’ வேண்டுமாம், ஏதோ சோப்பு விளம்பரம் மாதிரி. விரல்களை விறைக்காமல் தளர்த்தி, புறங்கை முழுவதும் தெரியாதபடி சுண்டுவிரல் பக்க விளிம்பை லென்ஸுக்குத் திருப்பு என்பதுதான் அங்கே சொல்லவந்தது.