சொனோராக் கடற்கரைக்குப் போய்வந்த பிறகு காய்ச்சலா?

அரிசோனாவில் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் பக்கத்துக் கடல் என்றால் அது எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் உள்ள புவேர்ட்டோ பெனியாஸ்கோதான். பீனிக்ஸிலிருந்து காரில் சுமார் நான்கு மணி நேரம். அங்கே கடல் ஏழு மீட்டர் வரை ஏறி இறங்கும். நீர் வற்றியதும் பாறைக் குழிகளில் நண்டுகளும் நட்சத்திர மீன்களும் பிள்ளைகளின் கண்ணெதிரே கிடக்கும். அருகிலேயே பினகாட்டே எரிமலை நிலம். 2013-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள எல் எலெகாந்தே எரிமலை வாய் ஒன்றரை கிலோமீட்டர் அகலம். அதன் விளிம்பில் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அவசியம் போய்ப் பாருங்கள்.

பினகாட்டேயில் குடிநீர் கிடைக்காது. ஒரு நாளைக்கு ஆளுக்கு நான்கு லிட்டராவது கொண்டுபோங்கள். கடலில் கால்களைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள், திருக்கை மீன் விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடி மருத்துவரிடம் போங்கள்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது நாய் உண்ணி.

தெருநாய்களின் உடலில் இருக்கும் பழுப்பு உண்ணி கடித்தால் ‘ராக்கி மவுண்டன் ஸ்பாட்டட் ஃபீவர்’ என்ற காய்ச்சல் வரலாம். பெயரில் மலை இருந்தாலும் சொனோராவில் இது ஊருக்குள்ளேயே பரவுகிறது. 2023-ல் பக்கத்து மாநிலமான பாஹா கலிபோர்னியாவின் டெகாட்டே ஊரோடு தொடர்புடைய ஐந்து நோயாளிகளில் மூவர் இறந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரித்தது. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது ஸ்க்ரப் டைபஸை. அதன் கிருமி வேறு. ஆனால் இரண்டுக்கும் மருந்து டாக்சிசைக்ளின்தான்.

காய்ச்சல் தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் அந்த மருந்து உடலுக்குள் போய்விட வேண்டும். இந்தக் காய்ச்சலில் தோலில் வரும் சிவப்புப் புள்ளிகள் தோன்றட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. முதல் சில நாட்கள் அவை தெரியாமலே இருக்கலாம். முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் கைகொடுக்காது. ஆகவே சந்தேகம் வந்தவுடனே மருந்தைத் தொடங்குகிறோம், சிறு குழந்தைக்கும்கூட. அந்தச் சந்தேகம் மருத்துவருக்கு வர வேண்டுமென்றால், எங்கே போயிருந்தீர்கள் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்.

ஓர் இளைஞர் மூன்றாம் நாள் காய்ச்சலோடு வந்தார். கடும் தலைவலி, வாந்தி. வெளியே ஒரு கிளினிக்கில் ஃப்ளூ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பயணம் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நான் கேட்டபோது அவருடைய மனைவிதான் பதில் சொன்னார்: “போன வாரம் பெனியாஸ்கோவில் இருந்தோம் டாக்டர். வாடகை வீட்டு வாசலில் ஒரு நாய்க்குட்டி; பாப்பா அதை மடியிலேயே வைத்திருந்தாள்.” அந்த நிமிடமே டாக்சிசைக்ளினைத் தொடங்கினோம். அவர் பிழைத்துக்கொண்டார்.

பிறகு குழந்தையை உட்காரவைத்து முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். இரத்தம் குடிக்காத உண்ணி எள்ளளவுதான். குடித்து உப்பினால் ஆமணக்கு விதை போலிருக்கும். காதுக்குப் பின்னால் ஒன்று அப்படி உப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெயோ தீக்குச்சியோ வேண்டாம். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுத்தேன். இரண்டு வாரம் காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கச் சொல்லி அனுப்பினேன். வரவில்லை.